‘வேட்டைக்கு ரெடி’ என்று விற்கும் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள்: மெல்பர்ன் நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மெல்பர்னில் மான் வேட்டைக்குப் போக ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா? பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். தென்கிழக்குப் புறநகரில் உள்ள ஒரு யூஸ்டு கார் யார்டில் 23,500 டாலர் கொடுத்து நான் வாங்கிய வண்டியில் ஃபோர் வீல் டிரைவ் வேலையே செய்யவில்லை. வாங்கிய பிறகு கெட்டுப்போனதல்ல, விற்கும்போதே அப்படித்தான் இருந்தது. தெரிந்தேதான் விற்றிருக்கிறார்கள் என்று நான் நம்புவதற்குக் காரணமும் இருக்கிறது. விவகாரம் இப்போது வீகேட் (VCAT) என்னும் விக்டோரியா மாநிலத் தீர்ப்பாயத்தில் இருப்பதால் யார்டின் பெயரைப் போடவில்லை.

விக்டோரியாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. இங்கே சாம்பர் என்று சொல்வது நம்ம ஊர் கடமானைத்தான். 1860களில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கொண்டுவந்து விட்டார்கள். இன்று கிப்ஸ்லாந்து முதல் ஹை கன்ட்ரி மலைகள் வரை பெருகிக் கிடக்கிறது. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை முடிந்துபோன கதை. இங்கே துப்பாக்கி லைசென்ஸும் கேம் லைசென்ஸும் (வேட்டை உரிமம்) இருந்தால், அனுமதியுள்ள அரசுக் காடுகளில் வருடம் முழுக்க நடந்து போய்ச் சாம்பர் வேட்டையாடலாம். கடந்த சில வருடங்களில் நம்மவர்களும் நிறையப் பேர் இதில் இறங்கியிருக்கிறார்கள். பழைய வண்டி விற்கிறவர்களுக்கும் இது நன்றாகவே தெரியும்.

எனக்கு விற்றவர் தமிழர். போனில் பேச ஆரம்பித்ததுமே, “அண்ணா, நம்ம ஆளுக்கு நான் தப்பான வண்டி தருவேனா?” என்றார். 2008 மாடல் ஜப்பான் டீசல் வேகன். முன்னால் கனமான புல் பார், வின்ச் (மாட்டிக்கொண்ட வண்டியைக் கயிற்றால் இழுக்கும் மோட்டார்), கூரைக்கு மேலே எல்.இ.டி. விளக்கு, ஸ்நார்கல் (என்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்றெடுக்கும் குழாய்), இரண்டு அங்குலம் தூக்கிய சஸ்பென்ஷன், புத்தம் புதிய முரட்டு டயர்கள். கிப்ஸ்லாந்தில் ஒரு விவசாயி வைத்திருந்த வண்டி, ஒரே ஓனர், கடற்கரைப் பக்கமே போனதில்லை என்றார். அதை மெசேஜில் எழுதித் தரச் சொன்னேன், தந்தார். அந்த மெசேஜ் இப்போது என் ஆவணங்களில் இருக்கிறது.

டெஸ்ட் டிரைவின்போது ஃபோர் வீல் போட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். உடனே, “ஐயோ, தார் ரோட்ல போடக்கூடாது அண்ணா, டிரான்ஸ்ஃபர் கேஸ் போயிடும்” என்று தடுத்தார். டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பது என்ஜின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துத் தரும் பெட்டி. அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. பார்ட் டைம் (தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்ளும்) ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் முன் ஷாஃப்டுக்கும் பின் ஷாஃப்டுக்கும் நடுவே, வேக வித்தியாசத்தைச் சமாளிக்கும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு கிடையாது. காய்ந்த தார் ரோட்டில் திருப்பினால் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வேண்டும், சுற்ற முடியாமல் முறுக்கேறும், ஏதாவது உடையும். நான் கவனிக்கச் சொல்வது இதைத்தான்: உண்மையான ஒரு தகவலை வைத்தே வண்டியைச் சோதிக்க விடாமல் செய்தார். லீவரைத் தள்ளி, டேஷ்போர்டில் பச்சை விளக்கு எரிவதைக் காட்டினார். “பாருங்க, வேலை செய்யுது.” மண் பாதை இருக்கிற இடத்துக்குப் போகலாம் என்றதற்கு, யார்டின் இன்சூரன்ஸ் அனுமதிக்காது என்றார். தனி மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும் என்றபோது, ஏற்கனவே வெளியே எடுத்த இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் இருக்கிறது என்று நீட்டினார். ‘ஃபோர் வீல் டிரைவ்: சரியாக இயங்குகிறது’ என்று அதில் டிக் போட்டிருந்தது. அந்த ஒர்க்ஷாப்பும் யார்டும் ஒரே குடும்பத்துடையவை என்பது வழக்குக்காக ஏ.பி.என். (வணிக எண்) பதிவுகளைத் தேடியபோதுதான் தெரிந்தது.

அப்புறம் அவசரப்படுத்தல். “ஜூன் பாதியில மலை ரோட்டையெல்லாம் மூடிடுவாங்க, அக்டோபர் கடைசி வரைக்கும் திறக்க மாட்டாங்க. இந்த வாரமே எடுத்தா சீசனுக்குள்ள ஒரு தடவையாவது போயிட்டு வந்துடலாம்.” இதுவும் உண்மைதான். குளிர்காலத்தில் ஹை கன்ட்ரியின் பல மண் பாதைகளை அப்படித்தான் மூடுகிறார்கள்.

வண்டியை வாங்கிக்கொண்டு, ஹை கன்ட்ரியில் டார்கோ என்ற சிற்றூருக்கு மேலே டால்பட்வில் பக்கம் நானும் மச்சானும் போனோம். அந்தப் பாதை க்ரூக்கட் ரிவரைத் திரும்பத் திரும்பக் கடக்கும். தண்ணீர் முழங்கால் அளவுதான் இருந்தது. உள்ளே போகும்வரை ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் இறக்கத்திலும் சமதளத்திலும் பின் சக்கரங்களே போதும். ஒரு கடவைக்கு அப்பால், ஈரக் களிமண் ஏற்றத்தில் வண்டி நின்றது. முன் ஹப்பை (முன் சக்கரத்தை ஷாஃப்டோடு கோக்கும் பூட்டு) பூட்டி, லோ ரேஞ்சில் (மெதுவாக, அதிக இழுவையோடு ஓடும் கியர்) போட்டேன். பச்சை விளக்கு எரிகிறது. பின் சக்கரங்கள் சேற்றை வாரி இறைக்கின்றன. இறங்கி நின்று பார்த்த மச்சான், “மாமா, முன் சக்கரம் ஆடவே இல்ல” என்று கத்தினார்.

மே மாதம், மணி நாலரை. ஐந்தேகாலுக்கெல்லாம் இருட்டிவிடும். போன் சிக்னல் கிடையாது. பின்னோக்கி வழுக்கினால் நேராக ஆறு. வின்ச்சைப் போட்டால் கயிறு பாதியில் நின்றது. மோட்டாருக்குப் போகும் ஒயர், பேட்டரியில் ஒழுங்காக இணைக்கப்படாமல் வெறுமனே செருகியிருந்தது. நல்ல வேளை, வேட்டை நாய்களோடு வந்த ஒரு குழு அந்த வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. பழைய லேண்ட் க்ரூசர் பிக்கப், வெளியே ஓர் அலங்காரமும் இல்லை. கால் மணி நேரத்தில் எங்களை மேலே இழுத்துவிட்டார்கள். பெரியவர் ஒருவர் எங்கள் வண்டியின் முன் ஹப்பைத் தொட்டுப் பார்த்து, “இதை யாரோ சமீபத்தில் திறந்திருக்கிறார்கள்” என்றார். அந்த மனிதர்களுக்கு நான் பட்ட கடன் பெரியது. அவர்கள் வராமல் போயிருந்தால் இரவு என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் பதறுகிறது.

ஊர் திரும்பி, எந்த யார்டோடும் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். முன் ஹப் இரண்டையும் என் கண் முன்னே கழற்றினார். உள்ளே இருக்கும் பற்கள் முழுக்க மழுங்கிப் போயிருந்தன. ஷாஃப்ட் சுற்றும், ஆனால் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பாது. மழுங்கிய இடத்தைப் புது கிரீஸால் அடைத்து, புது போல்ட் போட்டு மூடியிருந்தார்கள். போல்ட் தலையில் ஸ்பானர் பட்ட கீறல்கூட இன்னும் பளபளப்பாகவே இருந்தது. டேஷ்போர்டு விளக்குக்கும் ஹப்புக்கும் தொடர்பே கிடையாது. அது டிரான்ஸ்ஃபர் கேஸில் உள்ள ஒரு ஸ்விட்சால் எரிவது. லீவர் நகர்ந்தால் எரியும், முன் சக்கரம் இழுக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

பின் டிஃப் (டிஃபரன்ஷியல்) ஆயிலைக் கொஞ்சம் வடித்துக் காட்டினார். பால் விட்ட காபி மாதிரி வந்தது. தண்ணீர் புகுந்து பல நாள் ஆகியிருக்கிறது என்றார். பிறகு சேஸிஸ். அடிப்பக்கம் முழுக்கப் புது கறுப்பு பெயின்ட். பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார். பெயின்ட் உதிர்ந்து, அதோடு துருச் செதில் உதிர்ந்து, அதற்குப் பின்னால் சேஸிஸ் குழாய்க்குள்ளிருந்து வெள்ளை மணல் கொட்டியது. கையில் வாங்கிப் பார்த்தேன், பொடிப்பொடியாகச் சிப்பி ஓடுகள். கடற்கரைப் பக்கமே போகாத வண்டி!

ஸ்நார்கல் குழாய் ஏர் ஃபில்டர் பெட்டியோடு சேரும் இடத்தில் சீலே இல்லை. ஆழமான தண்ணீரில் இறக்கியிருந்தால் என்ஜின் தண்ணீரைக் குடித்து அங்கேயே முடிந்திருக்கும். சரிசெய்ய 9,000 டாலருக்கு மேல் ஆகும் என்று எழுதிக் கொடுத்தார். சேஸிஸ் வெல்டிங் அதில் சேராது.

யார்டில் கேட்டபோது வந்த முதல் பதில்: “ரோட்வொர்த்தி சர்டிஃபிகேட் கொடுத்தோமே அண்ணா.” இதை எல்லோரும் மனதில் வையுங்கள். விக்டோரியாவின் ரோட்வொர்த்தி சான்றிதழ் சாலைப் பாதுகாப்புக்கானது. பிரேக், டயர், ஸ்டீயரிங், விளக்கு, சஸ்பென்ஷன், கட்டமைப்பு போன்றவற்றைப் பார்ப்பார்கள். ஃபோர் வீல் டிரைவ் வேலை செய்கிறதா, கியர் பாக்ஸ் நல்லதா என்பதெல்லாம் அதன் வேலை அல்ல. பெயின்டைச் சுரண்டிப் பார்க்கவும் மாட்டார்கள்.

இரண்டாவது பதில்: “வண்டி பத்து வருஷம் தாண்டிடுச்சு, வாரண்டி கிடையாது.” இது பாதி உண்மை. பத்து வருடத்துக்கு உட்பட்டு, 1,60,000 கிலோமீட்டருக்குள் ஓடிய கார்களுக்குத்தான் டீலர் மூன்று மாதம் அல்லது 5,000 கிலோமீட்டர் சட்டபூர்வ வாரண்டி தர வேண்டும். ஆனால் ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின் உத்தரவாதம் தனி. டீலர் விற்கும் பொருள், அதன் வயதுக்கும் விலைக்கும் ஏற்ற தரத்தில் இருக்க வேண்டும், சொன்ன விவரத்துக்குப் பொருந்த வேண்டும். ‘இருக்கிறபடியே வாங்கிக்கொள்கிறேன்’ என்று கையெழுத்து வாங்கினாலும் அந்த உரிமை போகாது. என் வழக்கு அதன் மேல்தான் நிற்கிறது. வண்டி வாங்கியபோது ஒப்பந்தப் பேப்பர் எழுதும் நேரத்தில், ‘பழைய ஓனர் பெயரிலேயே பிரைவேட் சேலாகப் போட்டால் 500 டாலர் குறைக்கிறேன்’ என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை, யார்டின் எல்.எம்.சி.டி. (உரிமம் பெற்ற கார் வியாபாரி) எண் போட்ட ஒப்பந்தம்தான் வேண்டும் என்று நின்றேன். பிரைவேட் சேல் என்றால் இந்த உத்தரவாதம் எதுவும் பொருந்தாது. 500 டாலர் தள்ளுபடியின் அர்த்தம் அதுதான்.

சரி, முன் சக்கரம் இழுக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஒர்க்ஷாப்பில் பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுங்கள். என்ஜின் ஆஃப், வண்டி கியரில் (ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில்), ஹப் பூட்டி, லீவர் ஃபோர் வீலில். இப்போது தூக்கிய சக்கரம் கையால் சுற்ற வராமல் இறுக்கமாக நிற்க வேண்டும். தாராளமாகச் சுற்றினால் எங்கோ தொடர்பு அறுந்திருக்கிறது. ஐந்து நிமிட வேலை. இதற்கு விடமாட்டேன் என்கிற விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேசவே வேண்டாம். ஓட்டிப் பார்ப்பதைச் சரளைக் கல் பாதையில் செய்யுங்கள். அடிப்பக்கம் புது பெயின்ட் என்றால், அது எதற்கு என்று கேளுங்கள். டிஃப் ஆயிலைச் சொட்டு வடித்துப் பாருங்கள். இரண்டு டாலர் கொடுத்து பி.பி.எஸ்.ஆர். (அடமானப் பதிவேடு) தேடலும் செய்துவிடுங்கள். கடன் பாக்கியும், ரைட் ஆஃப் ஆன (சேதத்தால் கழித்துக்கட்டப்பட்ட) வண்டியா என்பதும் தெரியும்.

என்ன வண்டி வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் கருத்து: அலங்காரம் இல்லாத வண்டி. சாம்பர் வேட்டை வண்டியில் உட்கார்ந்து செய்வதல்ல. பாதை ஓரத்தில் நிறுத்திவிட்டு நாள் முழுக்க நடக்கப் போகிறோம். லோ ரேஞ்ச், நல்ல எல்.டி. (லைட் டிரக்) டயர் ஐந்து, முன்னும் பின்னும் உறுதியான ரெக்கவரி கொக்கிகள், டயரில் காற்றை இறக்கி ஏற்ற ஒரு கம்ப்ரஸர். இவ்வளவு இருந்தால் நம்மைப் போன்றவர்கள் போகிற இடங்களில் பெரும்பாலானவற்றுக்குப் போய் வரலாம். பின்பகுதியில் மூடிய கேனப்பி (கூடு) உள்ள டபுள் கேப் பிக்கப் எனக்குப் பிடிக்கிறது. இறைச்சியின் ரத்தமும் வாடையும் குடும்பம் உட்காருகிற இடத்துக்கு வராது, தண்ணீர் அடித்துக் கழுவிவிடலாம், துப்பாக்கியைக் கண்ணில் படாமல் பூட்டி வைக்கவும் இடம் இருக்கும். ஜிம்னி எங்கே வேண்டுமானாலும் ஏறும், ஆனால் இரண்டு பேர், கேம்ப் சாமான், எலும்பெடுத்த ஒரு ஆண் சாம்பரின் இறைச்சி என்று சேர்ந்தால் தாங்காது. பெரிய வண்டியிலும் எடையைக் கணக்குப் போடுங்கள். புல் பார், வின்ச், டிராயர், இரண்டாவது பேட்டரி எல்லாமே அனுமதிக்கப்பட்ட மொத்த எடையைத்தான் தின்கின்றன. சஸ்பென்ஷனை 50 மில்லிமீட்டருக்கு மேல் தூக்கிய வண்டி என்றால் அதற்கான என்ஜினியர் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கலாம்.

இன்னொன்று. டீலரிடம் பழைய கார் வாங்க ஒப்பந்தம் போட்ட பிறகு, மூன்று முழு வேலை நாட்களுக்குள் எழுத்தில் கொடுத்து ரத்து செய்யலாம். டீலர் 100 டாலரோ விலையில் ஒரு சதவீதமோ, எது அதிகமோ அதைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். 23,500 டாலர் வண்டிக்கு அது 235 டாலர். ஆனால் அதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டால் இந்த உரிமை கிடையாது. கையெழுத்துப் போட்ட கையோடு, “இன்னைக்கே ஓட்டிட்டுப் போங்க அண்ணா” என்று எனக்குச் சாவியை நீட்டியது இதற்காகத்தான். உங்களிடம் நீட்டினால் வாங்காதீர்கள். வண்டி அந்த மூன்று நாளும் யார்டிலேயே நிற்கட்டும். நீங்கள் தேர்ந்தெடுத்த மெக்கானிக்கை அங்கே கூட்டிப்போய் அடியில் புகுந்து பார்க்கச் சொல்லுங்கள்.