கொடியும் மரமும்: தண்டு ஸ்லைடு பெட்டி, ஆறு மாதத்துக்குப் பிறகு

பன்னிரண்டு ஸ்லைடுகள். ஆறு கொடி, ஆறு மரம், எல்லாமே தண்டின் குறுக்குவெட்டு. தாவரவியல் சொல்லிக்கொடுப்பது என் தொழில் என்பதால் இந்த மாதிரிப் பெட்டிகள் என்னிடம் நிறையச் சேர்ந்துவிட்டன. மாணவர்கள் கேட்காமலே எடுத்துப் பார்ப்பது இதை மட்டும்தான்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். 'பைன்' என்று சீட்டு ஒட்டிய ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்தால் சல்லடை போலப் பெரிய பெரிய துளைகள். பைன் மரத்தில் சைலக் குழாய்களே, அதாவது நீர் ஏறும் அகலமான குழாய்களே, கிடையாதே! டிரக்கீடுகள் எனப்படும், முனை மூடிய மெல்லிய செல்கள்தான் அங்கே நீரையும் கடத்துகின்றன, மரத்தையும் தாங்குகின்றன. சந்தேகப்பட்டு 'திராட்சை'யை எடுத்து வைத்தேன். சீரான குட்டிக் கட்டங்கள், நடுநடுவே பிசின் கால்வாய். சீட்டு மாறிவிட்டது. விற்றவர்களுக்கு எழுதினால், சரிபார்த்துத்தான் அனுப்புகிறோம் என்று பதில். படம் எடுத்து அனுப்பினேன், அப்புறம் பதிலே இல்லை. சீட்டை நான் மாற்றவில்லை. புதிதாக வருகிறவர்களிடம் இந்த இரண்டையும் கொடுத்து, எங்கே தப்பு என்று கேட்கிறேன்.

உண்மையான திராட்சை ஸ்லைடு அருமை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலே துளைகள் ஊசி குத்தியதுபோல் தெரியும். குழாயின் விட்டம் இரண்டு மடங்கானால், அதே அழுத்தத்தில் பாயும் நீர் 16 மடங்காகும். விரல் தடிமன் கொடி அவ்வளவு இலைகளுக்குத் தண்ணீர் கொடுப்பது இப்படித்தான். தன் எடையைத் தானே சுமக்க வேண்டிய மரம், தண்டில் நிறைய இடத்தைத் தடித்த சுவர் கொண்ட நார்களுக்குக் கொடுத்தாக வேண்டும். கொடிக்கு அந்தக் கவலை குறைவு, அடுத்தவர் முதுகில்தானே ஏறுகிறது! ஆனால் அகலமான குழாயில் ஆபத்தும் உண்டு. நீர் உறைந்தால் அதில் கரைந்திருந்த காற்று குமிழியாகப் பிரியும். பனி உருகும்போது குமிழி விரிந்து குழாயை அடைத்துவிடும். பெருங்கொடிகள் வெப்பமண்டலக் காடுகளில் அதிகமாக இருப்பதற்கு இது ஒரு காரணம். குளிர்ப் பகுதியில் வளரும் திராட்சை, வசந்தத்தில் வேரழுத்தத்தால், அதாவது வேர் கீழிருந்து தள்ளும் விசையால், குழாய்களில் மறுபடி நீர் ஏற்றிக்கொள்கிறது. அப்போது கிளையை வெட்டினால் சொட்டும். ஆங்கிலேய அறிவியலாளர் ஸ்டீபன் ஹேல்ஸ் அந்த அழுத்தத்தை அளந்து 1727இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார்.

என் செல்லம் அரிஸ்டோலோக்கியா என்ற கொடிதான். இளந்தண்டு ஒன்று, முதிர்ந்தது ஒன்று என இரண்டு ஸ்லைடுகள் வைத்திருக்கிறார்கள், அந்த யோசனைக்கே பாராட்டு. இளந்தண்டில் கெட்டியான நார் வளையம் முழுசாக இருக்கிறது. பற்றுக்கோல் தேடி வெறும் வெளியில் நீள வேண்டிய பருவம் அது. முதிர்ந்ததில் அதே வளையம் துண்டு துண்டாக உடைந்து, இடைவெளிகளில் மென்மையான செல்கள் புகுந்திருக்கின்றன. கட்டையும் ஒரே உருளையாக இல்லாமல், அகலமான மென்திசுக் கதிர்களால் பிளவுபட்டுக் கிடக்கிறது. ஒற்றைக் கட்டைக்கும் துடைப்பக் கட்டுக்கும் உள்ள வித்தியாசம் என்று சொல்லலாம். பற்றியிருக்கும் மரம் காற்றில் ஆடும்போது கொடி முறுக்கிக்கொள்ளும், மென்திசு நசுங்கிக் கொடுக்கும், குழாய்கள் தப்பிக்கும்.

மர ஸ்லைடுகள் சுமார் ரகம், சாயம் திட்டுத் திட்டாக ஏறியிருக்கிறது. ஓக் மட்டும் பார்க்க வேண்டியது. அதிலும் வசந்தகாலக் குழாய்கள் அகலம்தான், ஆகவே அகலக் குழாய் என்றாலே கொடி என்று மனப்பாடம் செய்தவர்கள் அங்கே மாட்டிக்கொள்வார்கள். குழாய்களுக்கு நடுவில் உள்ள நார்த்திரளைப் பார்த்தால் சரியாகிவிடும்.

நெடுக்குவெட்டு ஒன்றுகூட இல்லாதது பெரிய ஏமாற்றம். குழாய் எவ்வளவு நீளம் என்பதைக் குறுக்குவெட்டு எப்படிக் காட்டும்? அதற்கு நான் அரை மீட்டர் திராட்சைத் தண்டை வெட்டி, ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊதச் சொல்கிறேன். குமிழி வருகிறது. பைன் குச்சியில் எவ்வளவு ஊதினாலும் கன்னம்தான் வலிக்கும்.