தோல் தொற்றுக்குச் செஃபலெக்சினா, செஃபிக்சிமா?

கோடையில் பிள்ளைகளுக்கு வரும் சீழ்க்கொப்புளம், கட்டியைச் சுற்றிப் பரவும் சிவப்பு ஆகியவற்றுக்கு மாத்திரையோ சிரப்போ தேவைப்படும்போது, என் கிளினிக்கில் நான் எழுதுவது செஃபலெக்சின்தான். பெற்றோர் பலர் முன்பு காய்ச்சலுக்கு வாங்கிய செஃபிக்சிமையே கேட்கிறார்கள். இரண்டும் செஃபலோஸ்போரின் என்னும் ஒரே ஆன்டிபயாடிக் குடும்பத்தைச் சேர்ந்தவையே, வயிற்றுப்போக்கு இரண்டிலும் வரலாம்.

தீர்மானிப்பது கிருமி. தோல் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமாவது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். முதல் தலைமுறை மருந்தான செஃபலெக்சின் அதை நன்கு அடக்கும். மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்த செஃபிக்சிமோ, அக்கிருமியின் செல்சுவரைக் கட்டும் புரதங்களோடு சரியாகப் பிணைவதில்லை என்பதால் அங்கே ஏறக்குறைய பயனற்றது. தலைமுறை ஏற ஏற வீரியமும் ஏறும் என்று எண்ணுவோர் உண்டு. உண்மையில் ஏறுவது கிராம் நெகட்டிவ் கிருமிகளின் (டைஃபாய்டுக் கிருமி, குடலில் வாழும் ஈ.கோலை போன்ற வகை) மீதான பிடிமானம். டைஃபாய்டுக்கும் சில சிறுநீர்த் தொற்றுகளுக்கும் செஃபிக்சிம் உதவுவது அதனால்தான். அந்த மருந்தைக் கட்டிக்குச் செலவழித்தால், கட்டியும் ஆறாது, குடலிலுள்ள கிருமிகளும் எதிர்ப்பைப் பழகிக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனம் செஃபலெக்சினைத் தாராளமாகப் பயன்படுத்தத்தக்க வரிசையிலும், செஃபிக்சிமைக் கண்காணிக்க வேண்டிய வரிசையிலும் வைத்திருப்பது எனக்கு முற்றிலும் சரியாகப் படுகிறது.

செஃபலெக்சினின் உண்மையான குறை வேளைக்கணக்கு. வாயால் கொடுத்தால் ஏறக்குறைய 90 சதவீதம் இரத்தத்தில் சேர்ந்தாலும், அதன் அரைவாழ்வு, அதாவது இரத்தத்தில் மருந்தின் அளவு பாதியாகக் குறையும் நேரம், ஏறத்தாழ 1 மணி நேரமே. ஆகவே பெரும்பாலும் 3 அல்லது 4 வேளை தர வேண்டும், பள்ளி நாளில் மதிய வேளை தவறிப்போகும். செஃபிக்சிமின் அரைவாழ்வு 3 முதல் 4 மணி நேரம். 1 அல்லது 2 வேளை போதும். மதிய வேளை சிக்கலாகும் வீட்டுக்கு, அதே முதல் தலைமுறையைச் சேர்ந்த செஃபாட்ராக்சிலை 2 வேளையாக எழுதுகிறேன். இன்னொரு செஃபலோஸ்போரினான செஃபுராக்சிமை நான் குறைவாகவே கையாண்டிருப்பதால், உணவோடு தந்தால் நன்கு சேரும் என்பதற்கு மேல் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

பென்சிலின் வகையைச் சேர்ந்த ஆம்பிசிலினுக்கு ஒவ்வாமை இருந்த பிள்ளைக்குச் செஃபலெக்சின் தருவதில்லை. ஒவ்வாமையைத் தூண்டக்கூடிய பக்கச்சங்கிலி என்னும் மூலக்கூற்றுப் பகுதி இரண்டிலும் ஒன்றே. சீழ் கோத்திருந்தால் முதலில் கீறி வெளியேற்ற வேண்டும். பிறகு சிவப்பின் விளிம்பைப் பேனாவால் கோடிட்டு அனுப்புகிறேன்; 48 மணி நேரத்துக்குப் பின்னும் அது கோட்டைத் தாண்டிப் பரவினால், சீழைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்பி, இவ்வகை மருந்துகளுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸான எம்.ஆர்.எஸ்.ஏ.வாக இருக்குமோ என்று பார்க்கிறேன், ஏனெனில் அதற்கு இவ்விரண்டில் எதுவும் உதவாது.