தாவரம் அறியும் செயலியும் காட்டு ஸ்னாப்டிராகனும்: நெடுநாள் அனுபவம்

தாவரங்களை அடையாளம் காட்டும் கட்டணச் செயலி ஒன்றின் ஆண்டுச் சந்தாவைக் குறைத்திருக்கிறார்கள். தெற்குக் கலிஃபோர்னியாவின் காட்டுப்பூக்களுக்காக அதை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

வேகத்தில் குறை சொல்ல முடியாது. படம் சற்றுக் கலங்கியிருந்தாலும் அது வாய்போல் மூடிய பூக்களுடைய ஸ்னாப்டிராகன் செடி என்பதைச் சொல்லிவிடுகிறது. பூவின் பின்புறம் வால்போல் தேன்குழல் நீண்டிருக்கும் லினேரியாவோடு அதைக் குழப்பியதும் இல்லை. என் கோபமெல்லாம் அதற்கு அடுத்த படியில்தான். சான்டா மோனிகா மலைகளில் எந்த ஸ்னாப்டிராகனைப் படமெடுத்தாலும், மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து தோட்டங்களுக்கு வந்த ஆன்டிரைனம் மேஜஸ் என்றே பதில் வருகிறது. இருப்பிட அனுமதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் செயலி, நாம் நிற்பது தோட்டத்திலா, எரிந்த மலைச்சரிவிலா என்பதை ஏன் கணக்கில் கொள்வதில்லை?

இந்தச் செடிகளைப் பொறுத்தவரை இடம்தான் பாதி விடை. வெள்ளைப் பூப் பூக்கும் காட்டு ஸ்னாப்டிராகனான ஆன்டிரைனம் கௌல்ட்டேரியானம், தீக்குப் பின் சப்பரல் புதர்க்காட்டில் பெருகும் செடி. 2018 நவம்பரில் வூல்சி காட்டுத்தீ கடந்துபோனவை போன்ற சரிவுகளே அதைத் தேட வேண்டிய இடம். பூங்கொத்துக்குக் கீழிருந்து கிளம்பும் மெல்லிய பக்கக்கிளைகள் அருகிலுள்ள குச்சிகளைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள, தண்டு நிமிர்ந்து நிற்கும். இன்னொரு காட்டு வகையான ஆன்டிரைனம் கெல்லாகியில் அந்த வேலையை நூல்போல் நீண்ட பூக்காம்பே செய்கிறது. பூவை மட்டும் நெருங்கி எடுத்த படத்தில் இவை எதுவும் பதிவாவதில்லை.

அளவும் அப்படியே தொலைந்துபோகிறது. தோட்டத்துப் பூ 3 முதல் 4.5 செ.மீ. நீளம் இருக்க, ஊதா நிறக் காட்டு வகையான ஆன்டிரைனம் நட்டாலியானத்தின் பூ ஏறத்தாழ 1 செ.மீ.தான், திரையில் இரண்டும் ஒரே அளவாகத் தெரிகின்றன. 10 மடங்கு பெருக்கும் சிறிய லென்ஸை வைத்துப் பார்த்தால், தொண்டையை அடைக்கும் கீழுதட்டின் வெளிறிய மேட்டில் ஊதா நரம்புகள் ஓடுவதும், புல்லிவட்டத்து முடிகளின் நுனியில் பிசின் துளிகள் மின்னுவதும் தெளிவாகத் தெரியும். அவ்வளவு அழகையும் செயலி ஒரே பெயருக்குள் மூடிவிடுகிறது.

பூக்களின் பெயரே அறியாமல் மலையேறுபவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் குறைத்த விலைக்கும் நான் சந்தாவைப் புதுப்பிக்கப்போவதில்லை. நண்பர் அந்தப் பணத்தில் ஒரு லென்ஸ் வாங்கிக்கொண்டு, கலிஃபோர்னியத் தாவரங்களை விவரிக்கும், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஜெப்சன் தாவரத் தொகுப்பைத் திறந்து வைத்துக்கொள்ளட்டும்.