கொல்லைச் சிலந்திக்கு மருந்தடித்தார்கள்: ஒரு பூச்சி ஒழிப்புச் சேவை பற்றிய மதிப்பீடு

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில், ஆடுதுறையை ஒட்டிய ஒரு சிற்றூரில் எங்கள் வீடு இருக்கிறது. சென்ற ஆவணியில், பக்கத்து நகரத்துப் பூச்சி ஒழிப்பு நிறுவனம் ஒன்றுடன் 4,500 ரூபாய்க்கு ஓராண்டு ஒப்பந்தம் செய்துகொண்டோம். சமையலறைக் கரப்பான், நிலைக்கதவைப் பிடித்த கரையான், கொல்லைச் சிலந்தி ஆகிய மூன்றுக்கும் சேர்த்து அந்தத் தொகை. நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இதே வேலையை இதே முறையில் செய்பவர்கள் டெல்டா முழுவதும் இருப்பதால், அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை விவரமாகச் சொல்வதே மற்றவர்களுக்குப் பயன்படும்.

முதல் இரண்டு வேலைகளிலும் குறையில்லை. கரப்பானுக்கு அலமாரி மூலைகளில் பசை மருந்தைப் பொட்டுப் பொட்டாக வைத்தார்கள். பாத்திரங்களை வெளியே எடுக்க வேண்டியிருக்கவில்லை. கரையானுக்கு நிலையைச் சுற்றித் துளையிட்டு மருந்து செலுத்தியபின் துளைகளை ஒழுங்காக அடைத்தார்கள். சொன்ன நேரத்துக்கு வந்தார்கள், ரசீது தந்தார்கள். மூன்றாவது வேலையைப் பற்றித்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது.

கிணற்றுத் தூணுக்கும் செம்பருத்திச் செடிக்கும் நடுவே ஒரு வட்ட வலை இருந்தது. அதன் மையத்தில், முதுகில் மஞ்சளும் பழுப்புமாகப் பட்டை ஓடிய ஒரு சிலந்தி, எட்டுக் கால்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறி போலத் தலைகீழாக உட்கார்ந்திருந்தது. பார்வையிட வந்த இளைஞர் அதைக் கண்டதும், “சார், இது கடிச்சா ஆளே போயிடும். குழந்தை ஓடியாடுற இடம், விட்டு வைக்காதீங்க” என்றார். நான்கு வயதுப் பேத்தி எங்களோடு இருக்கிறாள். என் மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. நானும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டேன்.

அந்த இளைஞர் சொன்னது தவறு. நாங்கள் பார்த்தது ஆர்ஜியோப் இனத்துச் சிலந்தி. வலையின் நடுவில் வெள்ளை நூலால் கிறுக்கியது போல வளைவு வளைவாகப் பின்னி வைப்பதால் கையெழுத்துச் சிலந்தி என்றும் சொல்கிறார்கள். பெண்ணின் உடலே சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும். ஆண் அதைவிடச் சிறியது. பெரும்பாலான சிலந்திகளைப் போல இதற்கும் நஞ்சு உண்டு. ஆனால் அது ஈயையும் கொசுவையும் வெட்டுக்கிளியையும் செயலிழக்கச் செய்யும் அளவுக்கே உரியது. வலையைத் தொட்டால் முதலில் வலையை வேகமாக ஆட்டும், பிறகு நூலைப் பிடித்துக் கீழே விழுந்து ஒளிந்துகொள்ளும். கையில் பிடித்து நசுக்கினால்தான் கடிக்கும். கடித்தாலும் தேனீ கொட்டியதைப் போலவோ அதைவிடக் குறைவாகவோ சிறிது நேரம் வலித்துச் சிவந்து அடங்கிவிடும். நாயோ பூனையோ அதைக் கவ்வித் தின்றால் சற்று எச்சில் வடிக்கக்கூடும், பெரும்பாலும் அதுவும் இராது.

தென்னந்தோப்புகளில் பொன்னிற நூலால் வலை கட்டும் பெரிய சிலந்தி, கால்களை விரித்தால் உள்ளங்கையை மறைக்கும் அளவுக்கு இருந்தாலும், கடித்த இடத்தில் வலி தருவதோடு நின்றுவிடும். இரவில் சுவரில் ஓடும் தட்டையான பழுப்புச் சிலந்தி, அதாவது வட்டமான வெள்ளை முட்டைப்பையை வயிற்றுக்கடியில் இடுக்கிக்கொண்டு திரிவது, கரப்பானைத் தின்று வாழ்கிறது. மனிதர்களுக்குக் கடும் வேதனை தரக்கூடிய சிலந்திகளும் இந்தியாவில் இருக்கின்றன. மலைக்காட்டு மரப்பொந்துகளில் வாழும் பெரிய மயிர்ச்சிலந்தி கடித்தால் தசைப்பிடிப்பு வரும். பளபளப்பான உருண்டை வயிற்றில் சிவப்புக் குறி கொண்ட விதவைச் சிலந்தி அரிதாகக் காணப்படுகிறது. அதன் நஞ்சு நரம்பைத் தாக்கும். இவை இரண்டும் செம்பருத்திச் செடியில் வட்ட வலை கட்டி நடுவில் உட்கார்ந்திருப்பவை அல்ல. இந்த ஒரு வேறுபாட்டைக்கூடத் தன் ஊழியருக்குச் சொல்லித் தராத நிறுவனம், சிலந்தி ஒழிப்புக்கென்று தனியாகக் கட்டணம் வாங்குவது சரியல்ல என்பது என் கருத்து.

அவர் சொன்னதை நாங்கள் உடனே நம்பியதற்கும் காரணம் இருக்கிறது. சிலந்தி என்ற சொல்லோடு நம் பக்கத்தில் நோயும் சேர்ந்தே வருகிறது. குளத்து நீரால் பரவிய கினிப்புழு நோய்க்கு நரம்புச் சிலந்தி என்று பெயர். 2000-ல் இந்தியா அந்நோயிலிருந்து விடுபட்டதாகச் சான்றளிக்கப்பட்டுவிட்டது, அதற்கும் எட்டுக்கால் பூச்சிக்கும் எந்த உறவும் இல்லை. காலையில் எழுந்ததும் கழுத்திலோ கையிலோ கோடு போட்டது போலக் கொப்புளம் இருந்தால், சிலந்தி மூத்திரம் பெய்துவிட்டது என்று சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டு. நெல் வயலில் வாழும் ஒரு சிறு வண்டுதான் அதற்குப் பெரும்பாலும் காரணம்: எறும்பு போல நீண்டு, கருப்பும் ஆரஞ்சும் மாறி மாறி இருக்கும். இரவில் விளக்கைத் தேடி வீட்டுக்குள் வரும் அதை, கழுத்தில் ஊர்கிறதே என்று தேய்த்துவிட்டால், உடலிலிருந்து கசியும் பெடரின் என்ற நச்சு தோலைப் புண்ணாக்கும். அது அப்போதே தெரியாது. மறுநாள்தான் எரிச்சலும் சிவப்பும் தோன்றும். தேய்க்காமல் ஊதித் தள்ளிவிட்டு, அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். அக்கி வந்தாலும் சிலந்தியின் மேல் பழியைப் போட்டுவிட்டு, காவி குழைத்து எழுதுகிறவரைத் தேடிப் போகிறோம். அக்கி என்பது சின்னம்மை வைரஸ் உடலுக்குள் மீண்டும் கிளர்வதால் வருவது.

இதைவிட முக்கியமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இரவில் தரையில் படுத்திருப்பவரை ஏதோ கடித்தது போலிருந்து, வலியும் தடமும் பெரிதாக இல்லாவிட்டால், பூச்சிக்கடி என்று எண்ணி மீண்டும் தூங்கிவிடுவார்கள். கட்டுவிரியன் கடி அப்படித்தான் இருக்கும். வயிற்றுவலி, கண் இமை தொங்குதல், விழுங்க முடியாமை ஆகியவற்றில் ஏதேனும் தெரிந்தால் விடியும்வரை காத்திருக்காமல் நச்சுமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். டெல்டா வீடுகளில் சிலந்தி மேல் வைக்கும் பயத்தில் ஒரு பகுதியை இதன் மேல் வைத்தால் உயிர்கள் பிழைக்கும்.

மருந்தடித்த நாளுக்கு வருகிறேன். முதுகில் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு வந்த இருவர், கொல்லைச் சுவர், கிணற்றடி, செடிகள், மாட்டுக் கொட்டகையின் கூரை விளிம்பு எல்லாவற்றையும் நனைத்தார்கள். டப்பாவில் சைபர்மெத்ரின் என்று எழுதியிருந்தது. வீட்டில் பூனை, நாய், மீன் தொட்டி இருக்கின்றனவா என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. ஈரம் உலரும்வரை யாரும் போகக்கூடாது என்றும் சொல்லவில்லை. எங்கள் பூனை வழக்கம்போலக் கிணற்றடியில் படுத்துவிட்டு, உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொண்டது. மாலைக்குள் வாயில் எச்சில் வழிந்தது, காதுகள் துடித்தன, பிறகு உடம்பே நடுங்கத் தொடங்கியது. கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனபோது, சைபர்மெத்ரின், பெர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகளை உடைத்து வெளியேற்றும் வேதித்திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு என்றும், அதனால் நாய் தாங்கும் அளவைக்கூடப் பூனை தாங்காது என்றும் விளக்கினார். உடம்பில் ஒட்டியிருந்த மருந்தை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி, நடுக்கத்தைத் தணிக்கும் ஊசி போட்டார். இரண்டு நாள் கழித்துத்தான் அது எழுந்து பால் குடித்தது. பேத்தி அந்த இரண்டு நாளும் கூடையை விட்டு நகரவில்லை. இம்மருந்து மீனுக்கும் கடும் நஞ்சு என்பதால், அன்று மழை பெய்து கொல்லை நீர் வாய்க்காலில் கலக்காமல் போனது எங்கள் நல்ல காலம்.

எனக்கு ஒன்பது மா, அதாவது ஏறத்தாழ மூன்று ஏக்கர், நெல் நிலம் உண்டு. வயலில் இறங்கும்போது நான் சிலந்தியை எண்ணுகிறவன். நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சிக்கு எப்போது மருந்தடிக்கலாம் என்பதற்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தரும் கணக்கிலேயே சிலந்திக்கு இடம் இருக்கிறது: சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு, அதாவது கிளைத்த தண்டு ஒன்றுக்கு, ஒரு பூச்சி தெரிந்தாலே மருந்தடிக்க வேண்டும், குத்துக்கு, அதாவது ஓரிடத்தில் நட்ட பயிர்க் கொத்துக்கு, ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி வரும்வரை பொறுக்கலாம். அடித்தண்டில் ஓடித் திரியும் ஓநாய்ச் சிலந்தி புகையானைத் தின்று தீர்ப்பதே இதற்குக் காரணம். செயற்கைப் பைரித்ராய்டுகளைத் தெளித்தால் சிலந்தி முதலான இயற்கை எதிரிகள் அழிந்து புகையான் முன்பைவிடப் பெருகும் என்பதால் அவற்றைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். எங்கள் ஊருக்குக் கூப்பிடு தூரத்தில், 1922 முதல் இயங்கும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அப்படியிருந்தும், வயலில் தெளிக்கக்கூடாது என்று எனக்குத் தெரிந்த அதே குடும்பத்து மருந்தைக் கொல்லையில் தெளிக்கப் பணம் கொடுத்தேன் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

பயன் என்று பார்த்தாலும் எதுவும் கிடைக்கவில்லை. வலைச்சிலந்தி சுவரில் ஊர்வதில்லை; தன் நூலில் தொங்குகிறது. ஆகவே சுவரில் படிந்த மருந்து, நேரடியாக நனைந்தவற்றைத் தவிர மற்றவற்றைத் தொடவில்லை. கார்த்திகை மழை விட்டதும் அதே செம்பருத்தியில் புது வலை வந்துவிட்டது.

இந்தச் சேவையை நாடுகிறவர்கள், வந்திருப்பவரிடம் மருந்தின் பெயரைக் கேட்டு, டப்பாவில் உள்ள முக்கோணத்தின் நிறத்தையும் பார்க்க வேண்டும். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற வரிசையில் நச்சு குறைந்துகொண்டே போகும். பூனை இருப்பதை நீங்களே முந்திச் சொல்லுங்கள். நடைபாதையில் வலை இடைஞ்சலாக இருந்தால் ஒட்டடைக் கொம்பால் எடுத்து நான்கடி தள்ளி வேறு செடியில் விடலாம். கொல்லை விளக்கை இரவு முழுவதும் எரியவிடாமல் இருந்தால் பூச்சி வரத்துக் குறையும், வலையும் குறையும். குழந்தையைச் சிலந்தி கடித்துவிட்டால் சோப்பு நீரில் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைத்தால் போதும். மூச்சுத்திணறலோ முகவீக்கமோ தெரிந்தால் உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

சென்ற வாரம், ஒப்பந்தத்தின் இரண்டாம் தவணைக்கு அதே இளைஞர் வந்தார். பூனைக்கு நேர்ந்ததைச் சொன்னபோது உண்மையாகவே வருந்தினார். தனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை என்றார். அவரைக் கொல்லைக்கு அழைத்துப்போய், வலைக்கு ஒரு முழம் அருகில் நிற்கவைத்து, பெருக்கல் குறியையும் வெள்ளைக் கிறுக்கலையும் காட்டினேன். “தம்பி, உள்ளே கரப்பானுக்கு மட்டும் பார்த்துட்டுப் போங்க, இந்தப் பக்கம் வேண்டாம்” என்றேன். ரசீதில் சிலந்தி என்றிருந்த வரியை அடித்துவிட்டு, அதற்குரிய 1,200 ரூபாயைக் கழித்து எழுதிக் கொடுத்தார்.