964 இன்ஜின் இறக்கியாச்சா? டூயல் மாஸா, ஆர்எஸ்ஸா, அலுமினியமா, எந்த ஃப்ளைவீல் போடலாம்

போர்ஷ 964 (911 ஸ்போர்ட்ஸ் காரோட ஒரு பழைய மாடல்) வச்சிருக்கவங்க என்னைக்காவது ஒரு நாள் இன்ஜினை கீழ இறக்கித்தான் ஆகணும். 1991 நடுப்பகுதி வரைக்கும் வந்த 3.6 லிட்டர் இன்ஜின்ல சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவுல சீலிங் ரிங்கே கிடையாது, உலோகத்து மேல உலோகம் நேரா உக்காந்திருக்கும், போகப்போக அந்த ஜாயின்ட்ல ஆயில் கசிய ஆரம்பிக்கும், அப்புறம் டாப் எண்ட் ரீபில்ட்னு (ஹெட், சிலிண்டரெல்லாம் பிரிச்சு திரும்ப கட்டுறது) ஒரு பெரிய வேலை வந்து நிக்கும். அந்த வேலைக்கு இன்ஜினும் கியர்பாக்ஸும் சேந்து வெளிய வந்து ரெண்டையும் பிரிச்சதும் கிளட்ச்சும், இன்ஜினோட கிராங்க் தண்டு முனையில மாட்டியிருக்கிற கனமான சக்கரமான ஃப்ளைவீலும் கண்ணு முன்னாடி நிக்கும். கிளட்ச்சுக்காக மட்டும் இன்னொரு வாட்டி இறக்கினா இதே லேபர் மறுபடியும் தண்டம், அதனால இப்பவே மாத்திடுவோம்னு எல்லாரும் முடிவு பண்றது நியாயம்தான். சிக்கல் எதை போடுறதுங்கிறதுலதான். (டிப்ட்ரானிக், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வச்சிருக்கவங்க இத்தோட கிளம்பலாம், உங்களுக்கு இந்த தலைவலியே இல்ல.)

முதல்ல உள்ள இப்ப என்ன இருக்குன்னு பாருங்க. ஆரம்பத்துல வந்த 964ல இருக்கிறது ஃப்ராய்டன்பர்க் கம்பெனியோட டூயல் மாஸ் ஃப்ளைவீல். ரெண்டு தட்டு, நடுவுல அதிர்ச்சியை வாங்கிக்க ரப்பர். அந்த ரப்பர் வயசாகி பிஞ்சுதுன்னா ஃப்ளைவீலோட பேலன்ஸே போயிடும், இன்ஜின் ஆட்டம் கொடுக்கும். இது ரொம்ப பேருக்கு நடந்த கதை, அதனாலதான் போர்ஷயே பின்னாடி ரப்பரை தூக்கிட்டு, லூக் கம்பெனியோட ஸ்ப்ரிங் வச்ச டூயல் மாஸுக்கு மாறிச்சு. உங்க இன்ஜின்ல ஃப்ராய்டன்பர்க் இருந்தா அது நல்லா இருக்கா இல்லையான்னு யோசிக்கவே வேணாம், கழட்டி ஓரமா வைங்க. லூக்கா இருந்தா பின்பக்க தட்டை ரெண்டு கையால புடிச்சு திருப்பி பாருங்க, ஸ்ப்ரிங் எதிர்த்து தள்ளி பழைய இடத்துக்கே திரும்பி வரணும். அப்படி வராம நடுவுல லொட லொடன்னு சும்மா ஆடினாலோ, ஓரத்துல க்ரீஸ் வழிஞ்சு காஞ்சு கருப்பா படிஞ்சிருந்தாலோ அதுவும் முடிஞ்ச கதை.

இந்த டூயல் மாஸ் எதுக்குன்னே தெரியாம நிறைய பேர் திட்டுறாங்க. ஆறு சிலிண்டர் இன்ஜின்ல கிராங்க் ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள மூணு தடவை வெடிக்குது, ஒவ்வொரு வெடிக்கும் கிராங்க் ஒரு துள்ளு துள்ளும், ஐடில்ல அது நல்லாவே தெரியும். அந்த துள்ளல் அப்படியே கியர்பாக்ஸுக்குள்ள போனா லோடு இல்லாம சும்மா சுத்துற கியர் பல்லுங்க ஒண்ணோட ஒண்ணு இடிச்சு சத்தம் போடும். டூயல் மாஸ்ல இன்ஜின் பக்க தட்டு துள்ளும், கியர்பாக்ஸ் பக்க தட்டு ஸ்ப்ரிங்குக்கு அந்தாண்ட அமைதியா சுத்தும், அவ்ளோதான் விஷயம். ஸ்ப்ரிங் ஃப்ளைவீல்லயே இருக்கிறதால கிளட்ச் டிஸ்க்ல ஸ்ப்ரிங் கிடையாது, நடு ஹப் ரிஜிட். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கீழ திரும்ப வரும்.

இப்ப ஆர்எஸ் ஃப்ளைவீல். 1992ல வந்த 964 ஆர்எஸ்ஸோட லைட்வெயிட் வெர்ஷன்ல போட்டது, ஒரே துண்டு ஸ்டீல், டூயல் மாஸை விட வெயிட் ரொம்ப கம்மி. என்னை கேட்டா இந்த மொத்த விவாதத்துக்கும் போர்ஷயே அப்பவே பதில் சொல்லிட்டான்: அதே ஆர்எஸ்ல கொஞ்சம் சொகுசு சாமான் சேத்த டூரிங் வெர்ஷனுக்கு அவன் லைட் ஃப்ளைவீலை கொடுக்கல, டூயல் மாஸையே விட்டு வச்சான். இன்ஜின் அதே 260 ஹெச்பி இன்ஜின், வண்டியை ஓட்டப்போற ஆளு மட்டும்தான் வேற. நாமளும் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கணும்.

லைட் ஃப்ளைவீல் போட்டா பவர் ஏறும்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க, ஒரு ஹெச்பி கூட ஏறாது. ஃப்ளைவீலை சுத்தி விடவே செலவாகுற சக்தி கொஞ்சம் மிச்சம், அவ்ளோதான். அந்த மிச்சமும் கியர் விகிதத்தோட வர்க்கத்துலதான் வேலை செய்யும். 964 கரேரா 2 அஞ்சு கியர் மேனுவல்ல முதல் கியர் 3.5, அஞ்சாவது 0.868, அதாவது கிட்டத்தட்ட நாலு மடங்கு வித்தியாசம், அதனால முதல் கியர்ல கிடைக்கிற லாபத்துல பதினாறுல ஒரு பங்குதான் அஞ்சாவதுல மிஞ்சும். ஹைவேல நூத்தி இருபதுல போறவனுக்கு ஒண்ணுமே தெரியாது. ஆனா மலை ரோட்டுல ரெண்டு, மூணு, ரெண்டுன்னு மாத்தி மாத்தி ஓட்டுறவனுக்கு அது வேற வண்டி. டவுன்ஷிஃப்ட்ல பிரேக்கை மிதிச்சுக்கிட்டே ஆக்சிலரேட்டரை லேசா தட்டினா போதும், ஆர்பிஎம் ஊசி டக்குனு எகிறும், அப்ஷிஃப்ட்ல ஆர்பிஎம் இறங்குறதுக்காக காத்துக்கிட்டு இருக்க வேணாம். ஏர் கூல்டு இன்ஜினோட குணமே அப்பதான் வெளிய வருதுன்னு சொல்றவங்க கட்சிதான் நானும்.

சரி, இதுக்கு என்ன விலை கொடுக்கணும்? ஒண்ணு சத்தம். நியூட்ரல்ல கிளட்ச்சை விட்டுட்டு நின்னா தகர டப்பால ஆணி போட்டு குலுக்குற மாதிரி கடகடன்னு கேக்கும், கிளட்ச்சை மிதிச்ச உடனே நின்னுடும், ஏன்னா மிதிச்சா கியர்பாக்ஸோட இன்புட் ஷாஃப்ட்டே நின்னுடுது. இது தெரியாம பேரிங் போச்சுன்னு கியர்பாக்ஸை பிரிக்கிற அளவுக்கு போனவங்க உண்டு. சத்தம் பழகிடும், பக்கத்துல உக்காந்திருக்கவங்களுக்கு பழகுமான்னு நான் சொல்லமாட்டேன்.

ரெண்டாவதுதான் நிஜமான பிரச்சனை, வண்டி ஆஃப் ஆகுறது. சிக்னல் வருதுன்னு நாலாயிரம் ஆர்பிஎம்ல இருந்து ஆக்சிலரேட்டரை விட்டுட்டு கிளட்ச்சை மிதிக்கிறீங்க, ஃப்ளைவீல்ல எடை இல்லாததால ஆர்பிஎம் கல்லு மாதிரி விழுது, ஐடில் வால்வு முழிச்சுக்கிட்டு காத்தை திறந்து விடுறதுக்குள்ள ஊசி ஐடிலையும் தாண்டி கீழ போயிடுது, இன்ஜின் அவுட். ஏசி ஓடிக்கிட்டு இருந்தா கம்ப்ரஸரும் சேந்து இழுக்கும், இன்னும் மோசம். இன்ஜின் நின்னதும் பவர் ஸ்டீயரிங்கும் போய் வளைவுல ஸ்டீயரிங் இரும்பா கனக்கும், அது விளையாட்டு விஷயம் இல்ல. லைட்வெயிட் ஆர்எஸ்ல ஏசியே கிடையாதுங்கிறதை இங்க யோசிச்சு பாக்கணும், அந்த ஃப்ளைவீலை அவன் கொடுத்தது அப்படிப்பட்ட வண்டிக்கு. இதுக்கு மருந்து இருக்கு. மோட்ரானிக் பெட்டில (இன்ஜினை நடத்துற கம்ப்யூட்டர்) ஆர்எஸ்ஸுக்குன்னு எழுதின சிப், ஐடில் வால்வை கழட்டி சுத்தமா கழுவுறது, த்ராட்டில்ல இருக்கிற ஐடில் மைக்ரோ ஸ்விட்ச் நிஜமாவே க்ளிக் ஆகுதான்னு பாக்குறது. இந்த மூணும் ஒழுங்கா இருந்தா பெரும்பாலும் நிக்காது. சிப்புக்கு காசு இல்லன்னா ஆர்எஸ் ஃப்ளைவீலுக்கும் காசு இல்லன்னு வச்சுக்கோங்க.

டிஸ்க் விஷயத்துக்கு வரேன். ஃப்ளைவீல்ல ஸ்ப்ரிங் இல்லாதப்போ அந்த வேலையை டிஸ்க்தான் பாக்கணும், அதனால ஆர்எஸ் ஃப்ளைவீலுக்கு நடுவுல ஸ்ப்ரிங் வச்ச டிஸ்க்தான் போடணும். மிச்சம் பிடிக்கிறேன்னு பழைய ரிஜிட் டிஸ்க்கை ஒரே துண்டு ஃப்ளைவீல் மேல போட்டா எந்தப் பக்கமும் ஸ்ப்ரிங் இல்லாம ஒவ்வொரு வெடியும் நேரா கியர்பாக்ஸ்ல போய் இறங்கும். ஃப்ளைவீல், டிஸ்க், ப்ரெஷர் பிளேட் (டிஸ்க்கை ஃப்ளைவீலோட அழுத்திப் புடிக்கிற தட்டு) மூணையும் ஒண்ணுக்கொண்ணு பொருந்துற ஒரே செட்டா வாங்குங்க, போல்ட்டும் அந்த ஃப்ளைவீலுக்குன்னு உள்ளதை புதுசா வாங்குங்க. பழைய போல்ட்டை துடைச்சு மாட்டுற மெக்கானிக்கா இருந்தா மெக்கானிக்கையே மாத்துங்க.

அலுமினியம் பத்தி நீளமா பேச ஒண்ணும் இல்ல. ஆர்எஸ்ஸை விட இன்னும் லேசு, டிஸ்க் உரசுற இடத்துல மட்டும் தனியா ஒரு ஸ்டீல் தட்டு போல்ட் பண்ணியிருப்பாங்க, தேஞ்சா அந்த தட்டை மட்டும் மாத்திக்கலாம். சத்தமும் ஆஃப் ஆகுறதும் ஆர்எஸ்ல இருக்கிறதை விட அதிகம். இதோட மெட்டாலிக் பக் டிஸ்க்கையும் (உரசுற இடத்துல உலோகத் துண்டுங்க வச்சது) சேத்து போட்டீங்கன்னா கிளட்ச் ஸ்விட்ச் மாதிரி ஆயிடும், புடிச்சா புடிச்சது இல்லன்னா இல்ல, மேட்டுல நிறுத்தி எடுக்கும்போது வண்டி குதிக்கும். ட்ராக்ல மட்டும் ஓடுற வண்டிக்கு ஓகே. ஸ்டாக் 250 ஹெச்பி, 310 நியூட்டன் மீட்டர் இருக்கிற இன்ஜினுக்கு நல்ல ஆர்கானிக் டிஸ்க்கே தாராளம், ரோட்டு வண்டிக்கு இதை போட்டுட்டு பெருமை பேசுறவங்களை எனக்கு புரியல.

லூக்கையே திரும்ப போடுறதுல குறைன்னு பாத்தா விலைதான், புதுசு விலை கேட்டா தலை சுத்தும். அப்புறம் அது ஹீட் ஆகி தழும்பு விழுந்தா ஆர்எஸ் மாதிரி லேத்ல கொடுத்து முகத்தை தேச்சு எடுத்துக்கலாம்னு நினைக்க முடியாது, முழுசா மாத்துறதுதான் வழி. மத்தபடி நகரத்துல ஏசி போட்டுக்கிட்டு, ட்ராஃபிக்ல ஊர்ந்துக்கிட்டு, வீட்டுக்காரங்களும் எடுத்து ஓட்டுற வண்டின்னா கண்ணை மூடிக்கிட்டு லூக்குக்கே போங்க. ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் வெளிய வர்ற வண்டின்னா ஆர்எஸ் செட்டும் சிப்பும். ரெண்டுக்கும் நடுவுல ஊசலாடுறவங்களுக்கு என் ஓட்டு ஆர்எஸ்தான், ஆனா ஏற்கனவே அது போட்ட ஒரு 964ஐ ஏசி போட்டு ஊருக்குள்ள ஒரு ரவுண்டு ஓட்டி பாத்துட்டு அப்புறம் ஆர்டர் பண்ணுங்க.

எதை போட்டாலும் திறந்த கையோட சின்ன சாமான்களை விட்டுடாதீங்க. கிராங்க் பின்பக்க ஆயில் சீல், பைலட் பேரிங், ரிலீஸ் பேரிங், அது நகர்ற கைடு ட்யூப், கிளட்ச் ஃபோர்க்கோட ஷாஃப்ட்டும் அதோட நீடில் பேரிங்கும் (க்ரீஸ் காஞ்சு இது இறுகிப்போய் பெடல் கனக்கிறது சகஜம், கிளட்ச் போச்சுன்னு நினைச்சுப்பாங்க), ஸ்லேவ் சிலிண்டர், அதுக்கு போற ஹோஸ். ஃப்ளைவீல் பல்லை படிக்கிற சென்சாரோட கேப்பையும் புது ஃப்ளைவீலோட சரிபாத்துட்டுதான் இன்ஜினை மேல ஏத்தணும், இல்லன்னா செல்ஃப் சுத்தும், வண்டி ஸ்டார்ட் ஆகாது, எல்லாரும் ஃப்யூவல் பம்ப்பை தேடிக்கிட்டு இருப்பாங்க. கழட்டின லூக் நல்ல நிலைமைல இருந்தா வித்துடாதீங்க, துணி சுத்தி ஷெட்ல போட்டு வைங்க, நாளைக்கு வண்டியை வாங்க வர்றவன் முதல் கேள்வியே ஒரிஜினல் ஃப்ளைவீல் இருக்காங்கிறதாத்தான் இருக்கும்.