கேடிஎம் 300 இஎக்ஸ்சி: பெங்களூரு செம்மண்ணில்

மண்பாதையில் ஓட்டும் டூ-ஸ்ட்ரோக் பைக் இது. பிடித்துத் தூக்கினாலே தெரிந்துவிடும், எடை 100 கிலோ சொச்சம்தான். 293 சிசி, போர் (சிலிண்டர் விட்டம்), ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) இரண்டும் 72 மி.மீ. கீழ் ஆர்பிஎம்மிலேயே இழுவை தாராளம். ஏற்றத்தில் கிளட்சைப் போட்டு வதைக்க வேண்டாம். 2024 மாடலிலிருந்து த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன், அதாவது பெட்ரோலை மின்னணு முறையில் தெளிக்கும் அமைப்பு; கார்புரேட்டரில் போல ஜெட் (எரிபொருள் துளை) மாற்றும் வேலை மிச்சம். காலால் உதைத்து ஸ்டார்ட் செய்யும் கிக்கர் இல்லாததுதான் உறுத்தல்.

நம்மூர் செம்மண் தூசி மாவு மாதிரி. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு ஃபோம் ஏர் ஃபில்டரைக் கழுவுங்கள். அமுக்கித்தான் பிழிய வேண்டும். முறுக்கினால் ஒட்டு பிரியும். காய்ந்ததும் ஃபில்டர் ஆயில் ஊறவிட்டு, விளிம்பில் கிரீஸ் தடவி மாட்டுங்கள். சோம்பினால் தூசி உள்ளே போய் பிஸ்டன் ரிங்கைத் தின்றுவிடும்.

புது வண்டியில் ஸ்போக்குகள் (சக்கரக் கம்பிகள்) தளரும். ஸ்பேனரால் தட்டுங்கள், மந்தமாகச் சத்தம் வந்தால் இறுக்குங்கள். ரோட்டில் ஓட்டப் பதிவு கிடையாது, ட்ராக்குக்குக் கொண்டுபோக பிக்கப் வாடகையையும் கணக்கில் சேருங்கள்.