டேகேர் ரிவ்யூ: 5க்கு 3.5, அந்த அரை மார்க் ஆயாவுக்கு

சென்னை ஓஎம்ஆர்ல டேகேர் தேடுறவங்களுக்காக போடுறேன். பேரு போட மாட்டேன், பையன் இன்னும் அங்கதான் போறான்.

நல்லத முதல்ல சொல்லிடுறேன். ஆயா ரெண்டு பேரும் தங்கம். பையன் தயிர்சாதத்த துப்பினாலும் திட்ட மாட்டாங்க, ஜன்னலுக்கு வெளிய காக்காவ காட்டி காட்டியே கிண்ணத்த காலி பண்ணிடுவாங்க (வீட்ல நான் போன காட்டித்தான் ஊட்டுறேன், ஒத்துக்குறேன்). ஏசி, கேமரா எல்லாம் இருக்கு.

இப்ப காசு. மாசம் 12,500, அட்மிஷன் 15,000 தனி, ஏப்ரல் வந்தா 10% ஏத்திடுவாங்க. 6.30 தாண்டினா 15 நிமிஷத்துக்கு 100 ரூவா, மெட்ரோவுக்கு ரோட்ட தோண்டி வச்சிருக்கற லட்சணத்துல 6.30க்கு யாரு வந்து சேர முடியும், போன மாசம் லேட் ஃபீ மட்டும் 1,400. அத பில்லுல 'ஆக்டிவிட்டி'ன்னு போட்டிருந்தாங்க பாருங்க, அதுக்குதான் ஒரு மார்க் கட்.

ரிசப்ஷன்ல ஒரு போர்டு, 'ரெண்டாவது குழந்தைக்கு 10% தள்ளுபடி'. ஃபீஸ் கட்ட நிக்கும்போது அந்த பில்லு பின்னாடியே கணக்கு போட்டு பாத்தேன், ரெண்டுக்கும் சேர்த்து 23,750. என் கைக்கு வர்றது 41,000, அவரு சம்பளம் வீட்டு லோனுக்கும் மளிகைக்கும் போயிடும். ரெண்டாவது வேணுமான்னு நாங்க ரெண்டு வருஷமா பேசிட்டிருந்தது அந்த கவுன்டர்லயே முடிஞ்சுபோச்சு. 2017ல சட்டத்த மாத்தி 26 வாரம் லீவு, 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற இடத்துல குழந்தைங்க காப்பகம்னு எல்லாம் சொன்னாங்க. எங்க ஆபீஸ்ல நாங்க 43 பேரு.

எங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற அக்கா பொண்ணு அங்கன்வாடி போறா. காசு கிடையாது, மதியம் சாப்பாடு, வாரம் மூணு முட்டை. ஆனா சாயங்காலம் வரைக்கும் வச்சுக்க மாட்டாங்கன்னு அக்கா ரெண்டு வீட்டு வேலைய விட்டுட்டாங்க, அந்த சம்பளம் போனதுதான் அவங்க கட்டுற ஃபீஸ். ரெண்டாவது பிரசவத்துலயே ஜிஎச்ல குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்க. "மூத்தவன் இங்கிலீஷ் மீடியம் ஃபீஸே வட்டிக்கு வாங்கி கட்டுறேன், நீ வேறம்மா"ன்னு சிரிக்கிறாங்க. நான் ஒண்ணோட நிறுத்துனேன், அவங்க ரெண்டோட நிறுத்துனாங்க, அவங்க மாமியார் பக்கத்து தெருவுல இருக்காங்க, எங்க அத்தை தென்காசில, வித்தியாசம் அவ்ளோதான்.

மத்திய அரசு எடுக்கற பிறப்பு-இறப்பு கணக்கெடுப்பு (எஸ்ஆர்எஸ்) 2020 படி தமிழ்நாட்டுல ஒரு பொண்ணுக்கு சராசரி 1.4 குழந்தைதான். 2024 அக்டோபர்ல முதல்வர் ஸ்டாலின் ஒரு கல்யாண மேடையில, ஜனத்தொகைய வச்சு தொகுதி பிரிச்சா எம்பி சீட் குறையுதுன்னா பதினாறு பெத்துக்கலாமேங்கற மாதிரி பேசினாரு. எங்க டேகேர்ல மூணாவதுக்கு தள்ளுபடி இருக்கான்னு ரிசப்ஷன் மேடத்துகிட்ட கேட்டேன். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லயாம்.

சேக்கறதா இருந்தா ஏப்ரலுக்கு முன்னாடி சேருங்க, பழைய ஃபீஸ்ல போடுவாங்க. கார் பார்க்கிங் கிடையாது.